சாப்பாட்டில் சேராதது

டிசம்பர் 29, திங்கள்

பனி. ஸ்வெட்டர் எடுக்க மறந்து, புத்தூர் நால்ரோடு வரை பல் தந்தியடித்தது.

செய்ய வேண்டியவை: ஸ்கேன் ஜெல் தீர்ந்துவிட்டது, கேட்டு வாங்கணும். ஜீயபுரம் செல்வராஜுக்கு ஆறாம் மாத செக்கப், போன். எதிர்வீட்டு கேக் டப்பாவைத் திருப்பித் தரணும்.

வைதேகி டீச்சருக்கு இன்று ஸ்கேன். ஸ்ரீரங்கம், 46 வயது, கணக்கு டீச்சர். எங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் லிவர் ஒரு வருஷத்தில் எவ்வளவு தேறுகிறது என்று பார்க்கிற வேலை. ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் பத்தியம். புரோட்டீன் பவுடர், மோர், சூப், வேகவைத்த காய், அவ்வளவுதான். கொழுப்பு ஏறின லிவர் இரைப்பை மேல் படுத்துக் கிடக்கும். பதினான்கு நாள் வாயைக் கட்டினால் கொஞ்சம் வற்றும். அப்போதுதான் டாக்டரால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரைப்பையில் கை வைக்க முடியும்.

டீச்சரின் லிவர் வற்றவே இல்லை. எடை நானூறு கிராம் குறைவு. டாக்டர், "செருப்பைக் கழட்டினாலே இவ்வளவு குறையுமே" என்றார். இரண்டாம் தேதி ஆபரேஷன் ரத்து.

டீச்சர் எழுதித் தந்த சாப்பாட்டுப் படிவமோ கரும்பலகை மாதிரி சுத்தம். மணி, அளவு, கையெழுத்து எல்லாம் இருக்கிறது.

"பொய் எழுதறாங்கம்மா. இவங்களை வச்சிருந்தா மத்தவங்க ரிசல்ட்டும் கெட்டுப்போகும். பேரை எடுத்துடுவோம்" என்றார் டாக்டர்.

"வீட்டுக்கு ஒரு தடவ போயிட்டு வரேன் சார். அப்புறம் முடிவு பண்ணுங்க."

வெளியே பெஞ்சில் டீச்சர். அழவில்லை. அவரே ஆரம்பித்தார். "எங்கண்ணா காபி தவிர எதையும் தொட்டதில்லை, மேரி. அம்பது வயசுல லிவர் போயிடுத்து. காரியத்துக்கு வந்தவாளே, ரகசியமா குடிச்சிருப்பான்னு பேசிண்டா. நானும் அப்படியே போனா, இதுவும் குடிச்சதுதான்னு என்னையும் சேர்த்துப் பேசுவா."

அவர் லிவரில் தழும்பு விழ ஆரம்பித்திருக்கிறது. இப்போதே ஆபரேஷன் செய்தால் தேற வாய்ப்பு உண்டு, தள்ளிப்போனால் கஷ்டம் என்று டாக்டர் சேர்த்த அன்றைக்கே சொல்லியிருந்தார். அது டீச்சருக்கும் தெரியும்.

டிசம்பர் 31, புதன்

கிறிஸ்மஸுக்குப் பொரித்த கல்கல் டப்பா இன்னும் காலியாகவில்லை. இவர் டி.வி. பார்த்தபடியே கை விடுகிறார். "லிவர்ல வேலை பாக்கறவ வீட்டுல இப்படியா?" என்றேன். "நீயும்தானே திங்கற" என்றார். உண்மைதான். ஸ்கேன் மெஷின் புதிதாக வந்தபோது பழகுவதற்கு என்னைத்தான் படுக்க வைத்தார்கள். எனக்கும் கொழுப்பு இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

ஒன்றாம் நம்பர் பஸ். பாலம் தாண்டியதுமே நெரிசல். வைகுண்ட ஏகாதசி ராப்பத்துக் கூட்டம். சித்திரை வீதியில் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர எட்டரை.

டீச்சரின் கணவர் சம்பத் சார் குளித்து நாமம் போட்டு, பெருமாள் சன்னதியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கையில் இரண்டு தொன்னை. "மொதல்ல பிரசாதம் எடுத்துக்கோங்கோ" என்று ஒன்றை என்னிடம் நீட்டினார். வெண்பொங்கல். நெய் விரலிடுக்கில் வழிந்தது. பசி வேறு, வாங்கிச் சாப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், எதிரே டீச்சரும் இன்னொரு தொன்னையோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்!

"என்ன டீச்சர் இது?"

"பிரசாதம்."

"அது தெரியுதுங்க. பத்தியத்துல இருந்தப்பவும் சாப்பிட்டீங்களா?"

"நித்தியப்படி. மார்கழியாச்சே."

"படிவத்துல எழுதலையே?"

வகுப்பில் மக்குக் கேள்வி கேட்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "உணவுன்னுதானே போட்டிருந்தேள்? இது பெருமாள் அமுது செஞ்ச சேஷம். இதைப் போய் மோருக்கும் பவுடருக்கும் நடுவுல எழுதறதா? வேண்டாம்னாலும் அபசாரம், ஆகாரம்னு எழுதினாலும் அபசாரம்."

விசாரித்ததில்:
காலை, பொங்கல் ஒரு தொன்னை.
சாயங்காலம் புளியோதரை.
சனிக்கிழமை வடை, "சின்னதுதான்".

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. தொன்னையைக் கீழே வைத்தார்.

"அப்போ நானேதான் கெடுத்துண்டேனா, மேரி?"

சம்பத் சார் உள்ளே போய்விட்டார். பாவம், இத்தனை நாள் சுமந்து வந்தது அவர்தானே. திரும்பும் பஸ்ஸில் எனக்கு மறுபடியும் சிரிப்பு. பக்கத்து சீட் அம்மா தள்ளி உட்கார்ந்தார்.

ஜனவரி 3, சனி

டாக்டரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு நிறுத்தி, "அப்ப இது பொய் இல்ல. நாமதான் சரியா கேக்கல" என்றார். இந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது இதுதான்.

திங்கள் முதல் டீச்சருக்கு மறுபடி பத்தியம். இதுதான் கடைசி. 19-ம் தேதி ஸ்கேனில் வற்றவில்லை என்றால் பெயரை எடுத்துவிடுவார். "அந்த லிவரோட உள்ள போறது ரிஸ்க்மா. பெருமாளே சொன்னாலும் போகமாட்டேன்."

மத்தியானம் சந்தேகம் வந்து ஆராய்ச்சியில் இருக்கிற மற்றவர்களுக்கும் போன் போட்டேன்.

செல்வராஜ்: "மாரியம்மன் கூழா? குடிச்சேன். அது சாமிதுங்க, அதையெல்லாம் எழுதுவாங்களா?"
பாலக்கரை ரஹீம் பாய்: "தர்கா நேர்ச்சைம்மா அது. அதுல போய் கிராம் கணக்கு பாக்கறதா?"
முசிறி அக்கா: "எழுதலியே. ஏன், எழுதணுமா?"

ஒருத்தர்கூட எழுதவில்லை. ஒருத்தர்கூட மறைக்கவும் இல்லை.

டாக்டர் உத்தரவு: படிவத்தை மாற்றணும். அதற்கு முன் ஸ்டாஃப் எல்லாரும் பழைய படிவத்தை ஒரு வாரம் தங்களுக்கே எழுதிப் பார்க்கணும். எங்கெல்லாம் விட்டுப்போகிறது என்று தெரியுமாம். எனக்கென்ன, நான் கரெக்டாக எழுதுவேன்.

ஜனவரி 7, புதன்

டீச்சரிடமிருந்து போன். சம்பத் சார் இப்போது தீர்த்தமும் துளசியும் மட்டும் கொண்டுவருகிறாராம். தொன்னையை வழியிலேயே யாருக்காவது கொடுத்துவிடுகிறார். "அவருக்குத்தான் மனசு ஆறலை. நான் சமாளிச்சுண்டுடறேன்."

குரல் களைத்திருந்தது. மூன்றாம் நாள் எல்லாருக்கும் அப்படித்தான், தலைவலி இருக்கும், போய்விடும் என்றேன்.

என் படிவம்: கல்கல் (7). வெட்கத்தோடு.

ஜனவரி 11, ஞாயிறு

சர்ச்சில் காலை ஏழு மணிப் பூசை. திரும்பி வந்து இட்லி, மட்டன் குழம்பு. துணி துவைத்தேன். மதியம் நல்ல தூக்கம்.

சாயங்காலம் டீச்சர் கூப்பிட்டார். இன்று கூடாரவல்லி. ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வீடு அக்காரவடிசல். பாலிலேயே அரிசி வேகவைத்து, வெல்லம் போட்டு, முழங்கை வழியாக நெய் வழிகிற அளவுக்கு ஊற்றுவார்களாம்.

"நானேதான் தளிகை பண்ணினேன். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணி எல்லாருக்கும் கொடுத்தேன். எனக்குக் கையில வாங்கிக் கண்ணுல ஒத்திண்டேன். ஒரு பருக்கை வாயில போட்டுண்டேன், மேரி. ஒண்ணே ஒண்ணு. எழுதணுமா?"

"எழுதுங்க டீச்சர்."

"சரி" என்றார். போனை வைக்கும் முன் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

அப்புறம் நானும் என் படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். 5.30 காபி. 9.00 இட்லி நாலு, குழம்பு. 1.30 சோறு. 5.00 டீ, பிஸ்கட் இரண்டு. கரெக்டாகத்தான் இருக்கிறது என்று மூடி வைக்கப் போனவள் நின்றேன். காபிக்கு அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாயில் எதுவும் போடாமல் இருந்தது எதற்காக? பூசையில் நற்கருணை அப்பம் வாங்க. வாங்கினேனே. நாக்கில் வாங்கி விழுங்கினேனே. அது எங்கே?

தோன்றவே இல்லை. அதை எப்படி இட்லிக்கு மேல் வரியில் எழுதுவது? அது சாப்பாடா?

டீச்சர் கேட்டதும் இதைத்தான். நான் பஸ்ஸில் சிரித்துக்கொண்டு வந்தேன். ரொம்ப அசிங்கமாக இருந்தது. பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

புதுப் படிவம் தயார். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு நான் சொன்னது: "சாப்பாடு என்று நினைக்காமல் வாயில் போட்டது". டாக்டருக்குப் பிடித்துப்போனது. "நீங்க எழுதின படிவம் மட்டும் இன்னும் வரல" என்றார். வீட்டில் இருக்கு சார் என்றேன். பைக்குள்ளேதான் இருந்தது.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல், லீவு. டீச்சருக்கு நான் போன் பண்ணவில்லை. பண்ணினால் சந்தேகப்படுவதுபோல் இருக்கும். நாள் பூராவும் நினைப்பு அங்கேதான். நேற்று சர்க்கரைப் பொங்கல் வேறு.

ஜனவரி 19, திங்கள்

ஜெல் வந்துவிட்டது. குளிர்ந்த ஜெல். டீச்சர் கண்ணை மூடிப் படுத்திருந்தார், உதடு மட்டும் அசைந்தது. எனக்கும் வாய்க்குள் அருள் நிறைந்த மரியே.

டாக்டர் திரையைப் பார்த்தார், பழைய படத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். மனிதருக்கு அவசரம் என்பதே கிடையாது.

"வத்தியிருக்கு. புதன்கிழமை வச்சுக்கலாம்."

எடை மூன்றரை கிலோ குறைவு. டீச்சர் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, என் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். இருவருக்கும் கையெல்லாம் ஜெல்.

ஜனவரி 21, புதன்

டீச்சர் எட்டுக்கு ஆபரேஷன் தியேட்டர் உள்ளே போனார். சம்பத் சாரும் நானும் வெளியே. சார் காபிகூடக் குடிக்கவில்லை. "டாக்டர், லிவர் நன்னா தூக்கி வருமோல்லியோ?" என்று மூன்று தடவை என்னிடமே கேட்டார். நான் டாக்டர் இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

பத்தேகாலுக்கு டாக்டர் வெளியே வந்தார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. லிவர் தொந்தரவே பண்ணல." சம்பத் சார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். ஆராய்ச்சிக்காக லிவரிலிருந்து கிள்ளி எடுத்த துளியைக் குப்பியில் போட்டு, எண் எழுதி, நான்தான் லேபுக்கு எடுத்துப் போனேன்.

ஜனவரி 22, வியாழன்

பனி குறைந்துவிட்டது. டீச்சர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். முகம் வெளுப்பு, ஆனால் தெளிவு. சம்பத் சார் சின்ன வெள்ளிச் சொம்பில் தீர்த்தம் கொண்டுவந்திருந்தார். டாக்டரைக் கேட்டேன். "தண்ணிதானே? ஒரு ஸ்பூன். எழுதிட்டுக் குடிக்கச் சொல்லுங்க."

டீச்சர் படிவத்தைக் கேட்டு வாங்கினார். அதே கரும்பலகை எழுத்துதான்.

6.40 தண்ணீர், 30 மி.லி.
7.10 தண்ணீர், 30 மி.லி.
பிறகு கடைசிக் கட்டத்தில்: 7.30 தீர்த்தம், ஒரு உத்தரணி.

எழுதி முடித்த பிறகுதான் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

என் அறைக்கு வந்து பையைத் திறந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாள் ஓரம் மடங்கிக் கிடந்தது. காபிக்கும் இட்லிக்கும் நடுவில் இடம் இருந்தது.

7.50 நற்கருணை, ஒன்று.

டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.