நீங்கள் போட்ட டீ

என்னங்க,

அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். தேட வேண்டாம்.

என் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றவிட்டு, பிரிந்து வந்ததை, கிழிந்த தசை ஆறுவதற்காக வலது தோளில் ஊசியாகப் போட்ட அன்று, டாக்டர் உங்களிடம்தானே படித்துப் படித்துச் சொன்னார்: "வலிக்கத்தான் செய்யும். வலி மாத்திரை மட்டும் குடுத்துடாதீங்க, ஊசி வேலை செய்யாது."

மறுநாளே, கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக, எனக்கு டீ போட்டுத் தந்தீர்கள். உருகிப்போனேன். கசக்கிறதே என்றதற்கு, "தூள் மாத்திட்டேன்" என்றீர்கள். வலி போய்விட்டதென்று நானும் பார்லர் வேலைக்குப் போய்க் கத்தரி பிடித்தேன்.

இப்போது சீப்பைக்கூடத் தூக்க முடியவில்லை. டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் வலி மாத்திரை அட்டை இருந்தது. கேட்டால், "நீ முனகிட்டே இருந்தா நான் எப்படித் தூங்குறது?" என்கிறீர்கள்.

நன்றாகத் தூங்குங்கள். இங்கே இடது கையால் நானே டீ போட்டுக்கொள்கிறேன். கசக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தூக்கத்தைக் கெடுத்தவள்