காளைக்குக் கொடுத்த கரண்ட்

ஓசூர், 18.1.1968

அன்புள்ள லூர்தம்மாளுக்கு,

மாதா புண்ணியத்தில் நலம். உன் இருமல் நின்றதா?

பண்ணையில் மின்வேலி போடுவதற்கு முன், அந்தக் கரண்ட் மாட்டின் இருதயத்தைக் கெடுக்குமா என்று மாட்டு டாக்டர் நேற்று ஒரு காளைக்குக் கொடுத்துப் பார்த்தார். காளையைப் பிடிக்க நானும் என்னோடு வேலை செய்யும் கங்கப்பனும் நின்றோம். கங்கப்பன் முதலில் அதற்குப் பூசை போட்டான். மரியாதைக்காக நானும், கரண்ட் அடிக்காமல் இருக்கக் கொடுத்த ரப்பர் பூட்ஸைக் கழற்றினேன். திரும்பப் போட மறந்து, வெறுங்காலோடு காளையைப் பிடித்தேன். கரண்ட் என்னைத் தூக்கிப் போட்டது.

"யோவ் சூசை, காளையே நிக்குது, நீ படுத்துக்கிட்டியே!" என்றான் கங்கப்பன்.

பயப்படாதே. காளையின் இருதயத் துடிப்பைப் பார்த்த மிஷினையே டாக்டர் என் நெஞ்சிலும் வைத்து, "ரெண்டு பேருக்கும் இருதயம் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

இங்கே குளிர். உன் பழைய சேலையில் தைத்த போர்வையை அனுப்பு. மிஷின் என் இருதயத்துக்குக் கோடு போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஏறி இறங்கினால்தான் நல்லதாம். பத்திரமாக வை.

தபால்காரர் நிற்கிறார்.

சூசை