மூடி திறக்கும் கம்ப்யூட்டர்

மார்ச் 4

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்பது பேச்சு.

கம்ப்யூட்டர் கடைக் கிடங்கில் பெட்டி பிரிக்கிறவன் நான். வீட்டுக்கு வாங்குகிற கம்ப்யூட்டர் இரண்டு வகை வருகிறது. கறுப்பு சின்னது, மூடி திறக்காது. கூடுதல் மெமரி வேண்டுமானால் முதுகில் ஒரு கட்டியை மாட்ட வேண்டும், பிரிண்டர் வேண்டுமானால் அந்தக் கட்டியின் முதுகில் இன்னொன்று. வாலுக்கு வால். பெரியது அப்படியில்லை. மூடியைத் தூக்கினால் உள்ளே எட்டு ஸ்லாட். வேண்டிய கார்டைச் செருகிக்கொள்ளலாம்.

மகன் கறுப்பைத்தான் வாங்குவானாம். "உங்களுக்கு அட்டைப் பெட்டியப் பத்தித்தான் தெரியும்பா."

ஆமாம். திரும்பி வந்த பெட்டியும் எனக்குத்தான் தெரியும். போன மழைக்காலத்திலிருந்து கறுப்பு பதினேழு. பெரியது ஒன்றே ஒன்று, அதுவும் வழியில் மூடி நசுங்கி.

மார்ச் 9

கறுப்பு வந்துவிட்டது, முதுகில் இரண்டு கட்டியோடு.

மார்ச் 15

மருமகள் ஆபீஸ் வேலையை விட்டாள். இனி வீட்டிலேயே டைப்பிங். முதலில் ஓர் ஆராய்ச்சி மாணவியின் ஆய்வேடு. இருபத்தெட்டாம் தேதி கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த வேலையை யார் நம்பிக் கொடுப்பார்கள்?

"மாமா, வாய வச்சிடாதீங்க."

வைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்.

மார்ச் 21

முந்தின அத்தியாயங்கள் அச்சாகிவிட்டன. கடைசி அத்தியாயத்தில் காலையிலிருந்து அடித்த பதினொரு பக்கம் போயிற்று. கேசட் டேப்பில் பதிந்து வைப்பதற்குள் திரை வெளுத்துவிட்டது. மகன் கரண்டைத் திட்டினான், மருமகள் மகனைத் திட்டினாள்.

கரண்டு இல்லை. நான்தான். மேசையைத் துடைத்தேன். முதுகில் மாட்டின மெமரிக் கட்டி ஒரு நூல் அசைந்தால் போதும், எல்லாம் அழிந்துவிடும் — ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவன் நான், என் கை சும்மா இருந்துச்சா? ஏன் அப்போதே சொல்லவில்லை?

பேனா நின்றுவிட்டது. எழுதும்மா என்றேன்.

"ரெண்டு மணி நேரமா அவரத் திட்டிக்கிட்டு இருந்தேனே, மாமா."

அதையும் எழுது.

மார்ச் 22

கடை முதலாளியிடம் போனேன். "மூடி நசுங்கினது சும்மாதான் கெடக்கு. கறுப்பக் குடுத்துட்டு எடுத்துக்கங்க, பெரியவரே. கார்டு மாட்ட மெக்கானிக் வர ஒரு வாரம் ஆவும்."

மெக்கானிக் எதற்கு?

வீட்டில் மூடியைத் தூக்கினேன். "எழுத்தே தெரியாது, கைய வைக்காதீங்கப்பா" என்றான் மகன்.

கார்டைப் படிக்கவாடா போறேன்? மூன்று வருஷம் மெக்கானிக் கையையே பார்த்த கண் இது. பிளக்கைப் பிடுங்கு. உடம்பில் இருக்கிற கரண்டு இறங்க இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கையை விடு. மெமரி முதல் ஸ்லாட், பிரிண்டர் இரண்டாவது, கார்டின் தங்கப் பல் கீழே. அழுத்தினேன், போய் உட்கார்ந்தது.

மருமகள் நாலு வரி அடித்தாள். மேசையை வேண்டுமென்றே இரண்டு உலுக்கு உலுக்கினேன். ஓர் எழுத்து நகரவில்லை.

மார்ச் 25

எழுதுகிறவளுக்கு ஓய்வில்லை. ஒரே சொல்தான் இன்று: அடிக்கிறாள்.

மார்ச் 28

மாணவி வந்து ஆய்வேட்டுக் கட்டை வாங்கிக்கொண்டு போனாள். அவள் தோழிக்கும் ஓர் ஆய்வேடு இருக்கிறதாம், மருமகள் சரியென்றுவிட்டாள்.

மகன் மூடியைத் திறந்து வைத்து வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் ஆறு காலியா கெடக்கே. அதுல என்னப்பா போடலாம்?"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கோ என்றேன்.