திங்கட்கிழமைக்குள் ஒரு மொட்டை

ஜூன் 17, செவ்வாய்

உறுதியான தகவல்: ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வர மாட்டார். சொன்னது மதினி, போனில், காலை ஏழு பத்துக்கு. அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். தொண்டையைச் செருமியது கேட்டது. எனவே தகவல் சரி.

எட்டு மணிக்கே வெயில். காளவாசல் சிக்னலில் மண்ணை வாரி அடிக்கும் காற்று. அகிலனுக்கு எல்.கே.ஜி. ஐந்தாம் நாள். உச்சியில் ஒரு கொண்டை, மிச்சத்துக்குப் பின்னல். பின்னி முடிக்கப் பதினெட்டு நிமிடம், அதில் பத்து நிமிடம் அழுகை.

நேற்று பள்ளியின் ஹேண்ட்புக்கில் ஒட்டி வந்த சீட்டு: “ஆண் மாணவர்களின் முடி காலருக்கு மேல் இருக்க வேண்டும். வரும் திங்கள் முதல் கண்டிப்பாக.” அகிலனுடைய முடி இடுப்புக்கு ஒரு சாண் மேலே. பிறந்து நாலு வருடம் நாலு மாதம், கத்தரி பட்டதில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடம் எங்களுக்குப் பிள்ளை இல்லாதபோது அழகர்கோவிலில் போய் வேண்டிக்கொண்டவர் அண்ணன். ‘தங்கச்சிக்கு ஒரு பிள்ளையக் குடு, என் மடியில வச்சு முடியெறக்கி, காது குத்துறேன்.’ ஆக முடி பிள்ளையுடையது, வேண்டுதல் அண்ணனுடையது, கெடு பள்ளிக்கூடத்துடையது.

நேற்று சாயங்காலம் அண்ணனுக்கு நான் அனுப்பிய வாட்ஸப், அப்படியே: “அகிலன் முடி இறக்குதல், காதுகுத்து. 22 ஞாயிறு காலை 7. அழகர்கோவில். அவசியம் வரவும்.”

மதினி இன்று:

“அவசியம் வரவும்னு போட்ருக்கியாம்ல. நான் என்ன கட்சிக்காரனா, கூட்டத்துக்குப் போயி கை தட்டுறதுக்குன்னு கேக்குறாக.”

“அவசரம் மதினி. பள்ளிக்கூடத்துல...”

“தாய்மாமனக் கேட்டுத்தேன் தேதி குறிக்கணும்த்தா. குறிச்சிட்டுத் தெரியப்படுத்துறதுக்குப் பேரு வேற.”

இருபத்துமூன்று வருடம் செய்தி எழுதியவள். யார், எங்கே, எப்போது எல்லாம் சரியாக இருந்தது. அனுப்பியிருக்கவே கூடாது.

வாங்க: வெள்ளை சாக்ஸ் 2, ஸ்நாக்ஸ் டப்பா (மூடி தொலைந்தது, இரண்டாவது), பேர் ஸ்டிக்கர். ஆபீஸ்: குடிநீர்த் தொட்டி செய்தி, வார்டு எண் சரிபார்க்க.

ஜூன் 18, புதன்

தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வந்திருக்கிறது. காலையில் கழுத்து வரை ஊற்றினேன், கழுத்து வரை இருக்கிறது. நேற்றும் அப்படித்தான் வந்தது. நேற்று அதை யோசிக்காமல் சிங்க்கில் கொட்டினேன். திங்கள்? ஞாபகமில்லை. வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறான், அதையும் மூன்று நாளாகப் பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க இன்றைக்குத்தான் தோன்றியது.

கேட்டேன்.

“தண்ணி ஏன் குடிக்கல?”

“குடிச்சா ஒன்னுக்கு வரும்.”

“வந்தா போக வேண்டியதுதானே?”

“எதுக்குள்ள போக?”

பிறகு துண்டு துண்டாக. பையன்கள் பாத்ரூம் பக்கம் போனால் பெரிய வகுப்புப் பையன் தள்ளிவிடுகிறான், “கேர்ள்ஸ்லாம் அங்கிட்டு.” ஆயா கையைப் பிடித்துப் பெண் பிள்ளைகள் பக்கம் விடுகிறார். அங்கே இவன் போக மாட்டேன் என்கிறான், “நான் பாய்.” ஆக ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை அடக்குகிறான். இந்த வெயிலில், சொட்டுத் தண்ணீர் இல்லாமல். நாலு வயது.

ஒன்றேகாலுக்குப் பள்ளிக்கே திரும்பப் போனேன். கேட்டில் ஆயா, நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே: “பாய்னு சொல்றான்க்கா. இம்புட்டு முடிய வச்சுக்கிட்டு! நாங்க எல்லாம் சிரிச்சிட்டோம்.” நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் நின்றது.

எச்.எம். ரொம்ப மரியாதை.

“மேடம், நீங்க பிரஸ்ல இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா? ரூல் எல்லாருக்கும் ஒன்னுதான்.”

“திங்கக்கிழமை வரைக்கும் ஸ்டாஃப் பாத்ரூமுக்கு விடச் சொல்லுங்க.”

“சொல்றேன் மேடம். திங்கக்கிழமை அப்படியே வந்தான்னா கிளாஸ்ல உட்கார வைக்க முடியாது. மத்த பேரண்ட்ஸ் கேக்குறாங்க. முடி எடுத்துட்டு மெதுவாக்கூட வரட்டும், ஜூலைகூட ஆகட்டும்.”

மெதுவாக. எல்.கே.ஜி.யில் ஒரு மாதம் மெதுவாக.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவனியாபுரத்தில் லேத் பட்டறை அவருக்கு, எதையும் மில்லிமீட்டரில் முடித்துவிடலாம் என்று நம்புகிறவர். “சலூன்ல உட்கார வச்சா பத்து நிமிசம். கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்.”

“சாமிகிட்டயா?”

“உங்கண்ணன்கிட்ட. சாமி எதுக்குக் கோவிக்கப் போகுது?”

ஜூன் 19, வியாழன்

பாட்டிலில் கால்வாசி குறைந்திருக்கிறது. ஸ்டாஃப் பாத்ரூம்: போனானாம், ஒரு தடவை. ஆதாரம் அகிலன் மட்டும்.

சாயங்காலம் காளவாசல் சலூனுக்கு அழைத்துப் போனேன். ஆமாம், போனேன். எழுதிவைக்கிறேன். பதினோரு வருடக் காத்திருப்பு, வேண்டுதல், எல்லாம் தெரிந்துதான். பாட்டில் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

சலூன்காரர் பின்னலை அவிழ்த்து ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தார்.

“சாமி முடியாக்கா?”

“ஆமா. எடுத்துருங்க.”

“தாய்மாமன் இருக்காகளா?”

“இருக்காங்க.”

“இருக்காகளா? அப்ப நான் தொட மாட்டேன்.” சீப்பைக் கீழே வைத்துவிட்டார். “சண்டைன்னா நீங்க பேசித் தீத்துக்கங்க. நான் கத்திய வச்சேன்னா நாளைக்கு அவுக எங்கிட்டல்ல வருவாக.”

ஷேவிங்குக்கு உட்கார்ந்திருந்தவர், நுரைக்குள்ளிருந்து: “மாப்ள, பாப்பாவுக்கு வேணும்னா பின்னிவிட்டு அனுப்பு, ரெட்டைச்சடையா.” எல்லாரும் சிரிப்பு. அகிலன் கண்ணாடியைப் பார்க்காமல் நாற்காலியிலிருந்து இறங்கினான்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோ சத்தத்துக்கு நடுவில் மதினிக்குப் போன். கோபம்தான். “ஒரு மெசேஜுக்கு இம்புட்டா மதினி? பிள்ளை மூத்திரத்தை அடக்கிட்டு உட்கார்ந்திருக்கான்.”

மதினி: “மெசேஜுக்கு இல்லத்தா. முந்தின வருசம் தை மாசத்துக்கு.”

எனக்குத் தெரிந்த விவரம்: முதல் வயதில் மாமனார் இறந்த வருடம், செய்யவில்லை. இரண்டு கூடாது, ஒற்றைப்படை வேண்டும். மூன்று நடக்கும்போது தையில் நாள் குறித்தோம், தள்ளிப்போனது. இப்போது ஐந்து நடக்கிறது. அவ்வளவுதான்.

மதினிக்குத் தெரிந்த விவரம்: அன்று அண்ணன் வேன் பிடித்து இருபத்தேழு பேரோடு போயிருக்கிறார். சீர்த்தட்டு, கடுக்கன், பிள்ளைக்குப் பட்டு. செக்கானூரணி தாண்டுவதற்குள் என் போன், ஆறு இருபதுக்கு: மந்திரி திடீரென்று வருகிறார், வர முடியாது, தள்ளிவைக்கலாம். அவர் வேனைத் திருப்பவில்லை. நான் எப்படியும் முடித்துவிட்டு வந்துவிடுவேன் என்று அடிவாரத்தில் ஏழிலிருந்து பதினொன்று வரை நின்றிருக்கிறார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில், பிள்ளைக்குக் காய்ச்சல்.

“அவுக பொய் சொல்லி நான் பாத்ததில்லத்தா. அன்னைக்கு இருபத்தேழு பேருக்கும் சொன்னாக.”

வீட்டுக்கு வந்து அந்த வருட டைரியைத் தேடி எடுத்தேன். அன்றைய தேதியில்: “மந்திரி நிகழ்ச்சி, 3 பத்தி, உள்பக்கம். அ.கோ. தள்ளிவைப்பு. அண்ணனுக்குச் சொல்லியாச்சு.”

சொல்லியாச்சு. ஒரு தரப்பு. எதிர்த்தரப்பைக் கேட்காமல் ஒரு வரி எழுத மாட்டேன் என்று புதுப்பையன்களுக்கு வகுப்பு எடுக்கிறவள்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் ஆபீஸ் டெஸ்க்கிலிருந்து போன்: “கலெக்டர் மீட்டிங், நீங்கதான் போறீங்க.” வேறு ஆள் போடுங்கள் என்றேன். “உடம்பு சரியில்லையா?” “நல்லா இருக்கேன்.” அந்தப் பக்கம் நம்பவில்லை. அந்த மந்திரி நாளில் இதே இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். யாரும் வேலையைப் பறித்திருக்க மாட்டார்கள்.

பள்ளி விட்டதும் அண்ணன் ஊருக்குக் கிளம்பினோம். பைக்கில் அவர், நடுவில் அகிலன், பின்னால் மடியில் தாம்பாளத்துடன் நான். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ, வேட்டி துண்டு, வாழைப்பழம். நாகமலைக்கு முன் ஒரு பள்ளத்தில் பழம் நசுங்கியது. நிறுத்தி வேறு வாங்கச் சொன்னேன். “பழத்தையா பாக்கப் போறாரு?” “பழத்தைத்தான் பாப்பாரு.” வேறு வாங்கினோம்.

அண்ணன் தோட்டத்தில், மோட்டார் ரூம் வாசலில் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மாப்ள.” அவருக்கு.

“வாங்க மருமகனே, பள்ளிக்கூடம்லாம் எப்புடி?” அகிலனுக்கு.

எனக்கு ஒன்றும் இல்லை. தட்டோடு நின்றேன்.

அகிலன் நேராகப் போய், “மாமா, நான் பாய்தான?” என்றான்.

அண்ணன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். “எவன்டா இல்லேன்னது?”

அகிலன் மரங்களைப் பார்த்தான். “ஒன்னுக்குப் போகவா?”

“போடா. தோட்டம் பூரா ஒன்னோடது. எந்த மரம் வேணுமோ எடுத்துக்க.”

தென்னை மரத்தைத் தேர்ந்தெடுத்து, நின்று, ரொம்ப நேரம். பள்ளியில் நடந்ததை இவர் அண்ணனிடம் சுருக்கமாகச் சொன்னார். நான் சொல்லியிருந்தால் நீட்டியிருப்பேன். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார், பார்வை மட்டும் பிள்ளை மேல்.

“அன்னைக்கு நான் வராதது தப்புண்ணே.”

“என்னைக்கு?”

தெரிந்தேதான் கேட்கிறார். தேதி சொன்னேன். கிழமையும்.

“இருபத்தேழு பேரு,” என்றார். முதல்முறையாக என்னைப் பார்த்து. “ஏழு மணியில இருந்து. ஒவ்வொரு காருக்கும் எந்திரிச்சு நின்னு பாக்குறேன். பெரிய மாமா கேக்குறாரு, தங்கச்சிக்கு நீ ஆருப்பான்னு.”

தட்டை நீட்டினேன். வாங்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கட்டிலைக் காட்டினார். “அங்கன வச்சிட்டுப் போங்க.” தட்டைக் கையில் வாங்கினால் சம்மதம் என்று அர்த்தம். கட்டிலில் வைப்பதற்கு என்ன அர்த்தம் என்று பிறகு போனில் கேட்டேன், மதினிக்கும் தெரியவில்லை.

“ஞாயித்துக்கிழமை வருவியாண்ணே?”

“நீ போயி நில்லு. வந்தா வாரேன். போன் பண்ணாத, எடுக்க மாட்டேன்.”

திரும்பி வரும்போது அகிலன் நடுவில் தூங்கிவிட்டான், கொண்டை அவர் முதுகில் குத்திக்கொண்டே.

ஜூன் 21, சனி

பள்ளி விடுமுறை. மேகம் மாதிரி இருந்து ஏமாற்றியது. அழகர்கோவில் முடி காணிக்கை மண்டபம் காலை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டு உறுதி செய்தாச்சு. காது குத்தும் ஆசாரி வருகிறார், நேரில் பார்த்துப் பேசினேன், போனில் இல்லை.

ஆச்சு: சந்தனம், பிள்ளைக்கு வேட்டி, மாலை. ஆகாதது: சாப்பாடு எத்தனை பேருக்கு? எங்கள் பக்கம் ஆறு பேர். அண்ணன் பக்கம் பூஜ்யம் அல்லது இருபத்தேழு. இவர் பத்துப் பேருக்குச் சொல்லலாம் என்றார். முப்பத்துமூன்று என்று நான் சொல்லிவிட்டேன். “மிஞ்சுனா?” “மிஞ்சட்டும்.”

பட்டறைப் பையன் ஒருவன், ஊர் செக்கானூரணி, நேற்று சாயங்காலம் அண்ணனை வேன் ஸ்டாண்டில் பார்த்தானாம். வேன் பேசினாரா, சும்மா நின்றாரா தெரியாது. ஒரே ஆள், தூரத்திலிருந்து. இதை வைத்து ஒன்றும் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

“மச்சான் வரலேன்னா என் மடியில உட்கார வச்சு முடிச்சிருவோம். திங்கக்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் போகணும்ல,” என்றார் இவர். நியாயம்தான். அப்படிச் செய்தால் அதற்குப் பிறகு எனக்கு அண்ணன் வீடு இல்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

அகிலன்: “மொட்டை வலிக்குமா?” வலிக்காது. “காது?” வலிக்கும், கொஞ்சம். “மாமா பிடிச்சுக்குவாருல்ல?”

ம் என்றேன். உறுதிப்படுத்தாத தகவல்.

டெஸ்க்கில் இருந்து போன், நாளை ஒரு நிகழ்ச்சி. லீவு என்றேன்.

நிலுவை: அண்ணன். எதிர்பார்க்கும் நேரம்: நாளை காலை ஏழு, அடிவாரம். பதினொன்று வரை நிற்பேன்.