செல்வநாயகத்தை எடுக்காமல் விட்ட சனிக்கிழமை

அண்ணே,

சென்ற சனிக்கிழமை நம் அணிக்கு ஆள் எடுத்தபோது செல்வநாயகத்தை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். மறதியால் அல்ல. அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, பார்த்துக்கொண்டே விட்டார்கள். இப்போது அந்தத் தவறை மறைக்கப் பந்து எறிகிற பத்மாவையும் மாற்றப் பார்க்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பெல்லாம் உங்களுக்கு இனித் தேவையில்லை. எனக்கும் இப்போது அதற்குப் பொறுமையில்லை.

இன்று காலை கதவைத் திறந்தால் வெளிக்கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே செல்வநாயகம் ஆடும்போது கட்டுகிற இடுப்பு வார். அதில் இரு பக்கமும் தொங்குகிற மஞ்சள் துணிப் பட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்தார். சலவைத்தூள் மணத்தது. ஏழு பருவங்களாக வியர்வையும் ஈரப்புல்லும் மணத்த துணி அது. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. புக்கிட் பாத்தோக்கில் தன் வீட்டிலிருந்து ஃபேரர் பார்க்கில் என் வீடு வரை ரயிலில் வந்து, மணியடிக்காமல் மாட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார். அந்தச் சுத்தமான வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மடலை அணிக்காரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் அனுப்பப்போகிறேன். ஆகையால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் ஆடுவது அமெரிக்கக் கால்பந்து, ஆனால் மோதல் இல்லாத வகை. பக்கத்துக்கு ஐந்து பேர். ஓடுபவரின் இடுப்புப் பட்டையை எதிராளி உருவிவிட்டால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும். பந்தை எறிபவரைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். மற்றவர்கள் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள். பருவத்தின் தொடக்கத்தில் நான்கு அணித் தலைவர்களும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பெயர் சொல்லி ஆளை எடுப்பார்கள். எறிபவரை மட்டும் அணி தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். மற்ற எல்லாரும் ஒவ்வொரு பருவமும் மறுபடி பொதுவில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெயர் எப்போது வருமென்று காத்திருக்க வேண்டும். அந்த விதியை எழுதியது நீங்கள்.

இந்த ஆட்டம் நமக்கு எப்படி வந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. செம்பவாங் கப்பல் பட்டறையில் நீங்கள் வெல்டர், நான் கிரேன் ஓட்டுபவன். பழுது பார்க்க வந்த கப்பலின் அமெரிக்க மாலுமிகள் சாயங்காலத்தில் திடலில் ஆடுவார்கள். ஒருநாள் பந்து வேலி தாண்டி உங்கள் காலடியில் விழுந்தது. "என்னடா இது, உருண்டையாக்கூட செய்யத் தெரியல இவங்களுக்கு" என்றீர்கள். திருப்பி எறிந்தீர்கள். அது செத்த கோழி மாதிரிப் போய் விழுந்தது. அவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டார்களே என்பதற்காகவே மறுநாளும் போய் நின்றீர்கள். கப்பல் கிளம்பும்போது ஒரு மாலுமி விதிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை நான்கு மாதம் படித்தேன். "கிரேன் ஓட்டுறவரு வெள்ளைக்காரன் ஆட்டத்துக்கு வாத்தியாராயிட்டாரு" என்று கேண்டீனில் கேலி செய்தார்கள். நீங்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "அவன் படிச்சிட்டான். நீங்க யாராவது படிச்சீங்களா?" என்று கேட்டீர்கள். இன்றைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

ஆள் எடுப்பதில் உங்களுக்கென்று ஒரு வழி இருந்தது. நம் ஊரில் சாப்பாட்டுக் கடையில் மேசைக்கு இடம் பிடிக்க டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவோம். நீங்கள் அந்தப் பாக்கெட்டை எடுத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரே இருப்பவர் மேல் எறிவீர்கள். பாதிப் பேர் திட்டுவார்கள். "கையைப் பாக்காதடா, கண்ணைப் பாரு. பாக்கெட்டு கைக்குள்ள போற வரைக்கும் யாரு கண்ணை எடுக்கலையோ, அவன் நம்ம ஆளு" என்பீர்கள். பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரர் மேல் எறிந்த அன்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் ஒரு கையில் தேநீர்க் கோப்பை சிந்தாமல், மறு கையால் பாக்கெட்டைப் பிடித்து, கடைசிவரை அதையே பார்த்து, பிறகு எழுந்து நின்று கேட்டார்: "மன்னிக்கோணும். இது உங்கட மேசையோ?"

அவர்தான் செல்வநாயகம். வக்கீல் அலுவலகத்தில் எழுத்தர். பிறந்தது இங்கேதான், ஆனால் பெற்றோரின் யாழ்ப்பாணப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. "எனக்கு ஓட ஏலாது ஐயா" என்றார். "ஓட வேணாம். அஞ்சு அடி போங்க, நில்லுங்க, திரும்புங்க. பந்து அங்க இருக்கும்" என்றீர்கள். இருந்தது. எறிந்தவள் பத்மா.

பத்மா பேருந்து ஓட்டுநர். காலை வேலை முறை முடிந்து சீருடையோடு திடலுக்கு வருவாள். அவளுக்குத் தோளில் அடிபட்ட பிறகு தூரத்துக்கு எறிய முடியாமல் போனது. வேறு ஆளைப் பார்க்கலாம் என்று அப்போதே சிலர் சொன்னார்கள். நீங்கள் சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன்: "எறியிறவள மாத்துறதுக்கு முன்னாடி, யாருக்கு எறியச் சொல்றோம்னு பாருங்க." அந்தப் பருவம் நீங்கள் வேகமானவர்களை எல்லாம் மற்ற அணிகளுக்கு விட்டுவிட்டீர்கள். கண்ணை எடுக்காதவர்களையும், நிற்கத் தெரிந்தவர்களையும் எடுத்தீர்கள். நம்மைப் பார்த்து, பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் மாதிரி ஆடுகிறார்கள் என்று சிரித்தார்கள். "ஆமா, எங்க பஸ்ஸு டயத்துக்கு வரும்" என்று பத்மா திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பருவம் நாம் ஜெயித்தோம்.

உங்களுக்குப் பிறகு இப்போது தலைவன் தினேஷ். அவன் கெட்டவன் அல்ல. திடலுக்கு முன்பதிவு செய்வதும் தண்ணீர் தூக்கி வருவதும் அவன்தான். உங்கள் உடலை எடுத்துப்போன அன்று என் தோளில் சாய்ந்து அழுதவனும் அவன்தான். அதற்காக நான் வாயை மூடிக்கொள்ள மாட்டேன். அவன் கைப்பேசியில் நேரம் பார்த்து எல்லாரையும் நேர்கோட்டில் ஓடவிட்டான். அந்தக் கணக்கை வைத்து முதல் சுற்றில் ஓர் ஓட்டக்காரன், இரண்டாம் சுற்றில் இன்னொருவன், மூன்றில் ஓர் உயரமானவன் என்று எடுத்தான். நான் எழுந்தேன்.

"செல்வநாயகத்தைக் கூப்பிடு தினேஷ்."

"அங்கிள், ரிலாக்ஸ் லா. ஸ்பீடு இல்லாம இந்த சீசன் ஒண்ணும் பண்ண முடியாது."

"டைம் பாத்தியே, பத்மா கை எவ்வளவு தூரம் எறியும்னு பாத்தியா?"

"அங்கிள், மத்த டீம் எல்லாம் பாக்கறாங்க. ப்ளீஸ், உக்காருங்க."

"முப்பது வருஷம் உக்காந்துதான் கிரேன் ஓட்டினேன். இப்ப நிக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பத்மா அங்கு இல்லை. அன்று அவளுக்கு மாலை முறை. அவளைக் கேட்காமலே அவளுக்கு ஆள் எடுத்தார்கள். கடைசிச் சுற்றும் முடிந்தது. மூன்று பேர் நாற்காலியில் மிஞ்சினார்கள். முன்பெல்லாம் நீங்கள் அந்தச் சுற்றில்தான் செல்வநாயகத்தின் பெயரைச் சொல்வீர்கள். இந்த முறை, "பாக்கி பேரெல்லாம் ரிசர்வ், ஓகேயா?" என்று தினேஷ் பெயர் ஏட்டை மூடினான். செல்வநாயகம் எழுந்தார். தன் நாற்காலியை மடக்கிச் சுவர் ஓரம் கொண்டுபோய் அடுக்கினார். பக்கத்தில் கிடந்த இரண்டையும் மடக்கினார். எனக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

மறுநாளே முதல் ஆட்டம். ஓட்டக்காரர்கள் ஓடினார்கள், நிற்கவேயில்லை. பத்மா எறிந்தது வெறும் புல்லில் விழுந்தது. இரண்டை எதிராளி பிடித்தான். ஆட்டம் முடிந்து அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் ஐஸ் வைத்துக்கொண்டாள். "அங்கிள், நான் எறியற இடத்துல யாருமே இல்ல. எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க" என்றாள். அன்று சாயங்காலமே தினேஷ் அணியின் கைப்பேசிக் குழுவில் போட்டான்: குவார்ட்டர்பேக்கை மாற்றுவது பற்றிச் சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கூடிப் பேசுவோம். பத்மா அதற்குக் கீழே, "சாரி, எல்லாரும் மன்னிச்சுடுங்க" என்று எழுதியிருந்தாள். என்ன தப்பு செய்தாள் என்று மன்னிப்புக் கேட்கிறாள்?

எழுதுவதைப் பாதியில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இன்று பகலில் புக்கிட் பாத்தோக் போனேன். செல்வநாயகம் கதவைத் திறந்தார், காப்பி கொடுத்தார். வாரை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"தினேஷ் உங்கள அவமானப்படுத்திட்டான்" என்றேன்.

"அவர் ஒருத்தர் மட்டுமில்லை, அண்ணை" என்றார். சத்தம் உயர்த்தவில்லை. "ஏழு தரமும் என்னைக் கடைசியாத்தான் கூப்பிட்டது. வேற ஆரும் எடுக்க மாட்டினம், ஆனபடியால் கடைசி மட்டும் விடலாம் எண்டு அந்தப் பெரியவர் கணக்குப் போட்டது எனக்குத் தெரியும். நல்ல கணக்குத்தான். ஆனா அந்தக் கதிரையில இருந்து பாருங்கோ. லேசில்லை."

அண்ணே, அந்தத் தந்திரத்தை ஒவ்வொரு பருவமும் உங்கள் பக்கத்தில் நின்று மெச்சியவன் நான். முதல் சுற்றை வேறு ஆளுக்குச் செலவழித்துவிட்டு, நம் ஆட்டத்துக்கே ஆதாரமான மனிதரைக் கடைசி நாற்காலியில் காக்க வைத்தோம். இவருக்குக் கடைசி இடம்தான் என்று தினேஷுக்குச் சொல்லிக் கொடுத்ததே நாம்தான். அவன் இன்னும் ஓர் அடி போனான், அவ்வளவுதான். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் செய்தது தவறு. நானும் செய்தேன்.

"கூப்பிட்டா வருவீங்களா?" என்று கேட்டேன்.

"ஆர் கூப்பிடுறது எண்டதைப் பொறுத்தது."

எனவே, இனி நடக்க வேண்டியது இது. தினேஷ் சனிக்கிழமைக்குள் புக்கிட் பாத்தோக் போக வேண்டும். கைப்பேசியில் அல்ல, நேரில், தன் வாயால் அழைக்க வேண்டும். மூன்றாம் ஆட்டத்துக்கு முன் ஒருவரை ரிசர்வில் இருப்பவரோடு மாற்றிக்கொள்ளலாம் என்று விதியில் இருக்கிறது. அந்த உயரமானவனைத்தான் மாற்ற வேண்டும், அவன் இன்னும் ஒரு பருவம் கற்றுக்கொள்ளட்டும். இரண்டு ஓட்டக்காரர்களும் வெள்ளிக்கிழமை திடலுக்கு வந்து ஐந்து அடியில் நிற்கப் பழக வேண்டும். சொல்லித் தருவது பத்மா. அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்டதையும் திரும்பப் பெற வேண்டும். மற்ற மூன்று அணித் தலைவர்களும் உங்கள் விதியைத் திருத்தக் கையெழுத்துப் போட வேண்டும்: எறிபவர் தனக்கு வேண்டிய ஒருவரின் பெயரைத் தானே சொல்லலாம், முதல் சுற்றுக்கு முன்பே, எல்லார் எதிரிலும். திருத்தத்தை எழுதி வைத்துவிட்டேன். உங்கள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து வரும். அதற்கு அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

நானும் புக்கிட் பாத்தோக்குக்கு இன்னொரு முறை போக வேண்டும். இன்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்காமல் காப்பியை மட்டும் குடித்துவிட்டு வந்தவன் நான்.

இதில் எதுவும் நடக்காது, அங்கிளுக்கு வயதாகிவிட்டது என்று சனிக்கிழமை அவர்கள் சொன்னால், அதற்கும் தயாராகத்தான் போகிறேன். எனக்கு அறுபத்தொன்பது வயது. விதிப் புத்தகம் முழுக்கத் தேடிவிட்டேன், ஆடுபவருக்கு மேல் வயது வரம்பு எங்கேயும் இல்லை. ரிசர்வ் பட்டியலில் என் பெயரை எழுதிக் கொடுப்பேன். மூட்டு வலிக்கும், வலிக்கட்டும். ஐந்து அடி போய், நின்று, திரும்ப எனக்குத் தெரியும். நீங்கள்தான் என்னை அப்படி நிற்க வைத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை பத்மா எறிகிற இடத்தில் ஓர் ஆள் இருக்கும்.