மழைத்தண்ணீரில் தொடங்கிய பேனைக் கழகம்

மச்சான்,

இன்று மாரியின் இரண்டாம் மழை. மனைவி முற்றத்தில் பானையை வைத்து, அதன் வாயில் வெள்ளைத் துணி கட்டினாள். பருப்பு நன்றாக அவியுமாம். எனக்கு உடனே உன் நினைவு வந்தது. எரிச்சலும் கூடவே வந்தது.

உரும்பிராய்க் கிணற்றுத் தண்ணீர் குடிக்க நல்லதுதான். பேனையைக் கழுவினால் சுண்ணாம்பு படிந்து மை இறங்காது. நம் இருவரின் பேனைகளும் அப்படித்தான் அடைபட்டுக் கிடந்தன. "முதல் மழையை விடு மச்சான், அது ஒரே தூசி. ரெண்டாம் மழையைப் பிடிச்சு வைப்பம்" என்றாய். பிடித்துச் சாடியில் ஊற்றி வைத்தாய். விஷயம் பரவியது. ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தூரிலிருந்தும் கரவெட்டியிலிருந்தும் சைக்கிளில் ஆட்கள் வந்து உன் வீட்டில் பேனை கழுவினார்கள். கழுவி முடிந்தும் எழும்பிப் போக ஒருவருக்கும் மனம் வராது. தேத்தண்ணியும் பேனைக் கதையுமாகப் பொழுது போய்விடும். கழகம் என்றால் அதுதான் கழகம்.

பிறகு அந்தப் பிறக்கிராசியார் வந்தார். பட்டணத்தில் வழக்குப் பேசுகிறவர் அல்லவா, குந்தியிருந்து கழுவுவது அவருக்குப் பிடிக்கவில்லை. "இதென்ன, சந்தையே? ஒழுங்கா ஒரு கழகம் வைப்பம்" என்றார். அவரே தலைவர், அவர் வீட்டு மண்டபத்திலேயே கூட்டம். அங்கத்தவர்களில் உன் பெயரையும் வாசிப்பார்கள் என்று சலவை வேட்டி கட்டி, முன்வரிசைக் கதிரையில் இருந்தாய், பாவி.

முதல் தீர்மானம்: தங்க முள்ளுப் பேனை வைத்திருப்பவர்களே அங்கத்தவர்கள். உன்னுடையது வாத்தியார் சம்பளத்தில் வாங்கிய யப்பான் பேனை, இரும்பு முள். அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கை தூக்கினார்கள். நீ அடைப்பு எடுத்துக் கொடுத்த பேனைகளைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு தூக்கினார்கள்! நான் தூக்கவில்லை. என் ஒருவன் கையால் என்ன ஆகும்?

"மாஸ்டர் குறை நினைக்கக் கூடாது. தண்ணியை மட்டும் கிழமைக்குக் கிழமை அனுப்பி விடுங்கோ" என்றார் தலைவர்.

"ஓம் ஐயா, அதுக்கென்ன" என்று கதிரையை விட்டு எழும்பினாய்.

அந்த 'ஓம்' இன்றைக்கும் என் வயிற்றை எரிக்கிறது. வழியில், "உனக்கு வெக்கமில்லையே?" என்று கத்தினேன். "பேனை ஓடினால் சரிதானே மச்சான்" என்று சிரித்தாய். பொய்ச் சிரிப்பு. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ ஒருவருடனும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. காய்ச்சலில் விழும்வரை தண்ணீர் மட்டும் தவறாமல் போனது.

உனக்கு அதே மண்டபத்தில் அனுதாபக் கூட்டம் வைத்தார்கள். "எங்கடை கழகத்தைத் தொடக்கின மனிசன்" என்று தலைவர் கண்ணைத் துடைத்தார். பிறகு தீர்மானம்: உன்னை ஆயுள் அங்கத்தவராகச் சேர்ப்பதாம். செத்தவனுக்கு ஆயுள் அங்கத்துவம், மச்சான்! அதே கைகள் உயர்ந்தன. ஒருமனதாக நிறைவேறியது என்றார்.

"நான் கை தூக்கேல்லை" என்று எழும்பினேன்.

"ஏன் காணும்?" என்றார் தலைவர்.

"உயிரோடை இருக்கேக்கை ஒரு கதிரை குடுக்கேல்லை. இப்ப என்னத்துக்கு?"

வெளியே வந்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. போனதை விடுங்கோ என்று வீட்டில் சொல்கிறார்கள். விடமாட்டேன். நீ அவர்களை மன்னித்துவிட்டுப் போனாய். எனக்கு அந்தக் குணம் இல்லை.