காதுக்கு ஒரு மாதம்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் மலை மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

எங்கள் தகடு அடிக்கும் கம்பெனியில் மாதத்துக்கு ஓர் உறுப்பென்று சுவரில் தாள் ஒட்டிப் பரிசோதிக்கிறார்கள். இதய மாதத்தில் என் நெஞ்சைக் கேட்டு டாக்டரே அசந்துபோனார். கண் மாதத்தில் கடைசி வரிக்குக் கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்துக் காட்டினேன். இந்த மாதம் காது.

பெட்டி போன்ற அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். விடுவேனா? ஐம்பது தடவை அமுக்கினேன். நர்ஸ் கதவைத் திறந்து, "மாமா, நான் இன்னும் மெஷினையே போடலயே!" என்று சிரித்தாள்.

"நீ போடப்போறதே எனக்குக் கேக்கும்மா" என்றேன்.

மெஷினைப் போட்ட பிறகு அமுக்க வேலையே வரவில்லை. இரண்டு காதும் பாதிப் பாதிதானாம். பயப்படாதே, கூட்டினால் ஒரு முழுக் காது இருக்கிறது. தகடு அடிக்கும் மெஷின்களின் இரைச்சலால் வருவதாம். வலிக்காததால் யாருக்கும் தெரியாதாம். காதுக்கென்று ஒரு மாதம் வந்திராவிட்டால் உன் குரல் கேட்காததற்கு நான் போனையே திட்டிக்கொண்டிருந்திருப்பேன். மிச்சத்தைக் காப்பாற்றக் காதுக்கவசம் கொடுத்திருக்கிறார்கள். மாட்டினால் ராஜா மாதிரி இருக்கிறேன்.

முணுமுணுக்கிறாய் என்று உன்னைத் திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. இனிப் போனில் சத்தமாகப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும். கடிதமும் போடு.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டதாம், விடுதியில் பக்கத்துக் கட்டில்காரர் தோளைத் தட்டுகிறார். போன வாரம் நீ ஏதோ ஒன்றை மூன்று தடவை சொன்னாய். நான் "சரி, சரி" என்று சிரித்தேன். நீ போனை வைத்துவிட்டாய். அது என்னவென்று எழுது.

உன் வீட்டுக்காரன்